எப்படிச் செய்தாய் என்று கேட்போம்

(குறுவள மைய அளவிலான கணித ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கணித வகுப்பில் சிந்தனைத் திறனை வளர்ப்பது பற்றி அரை மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் நாம் எல்லோருமே பயிற்சி எடுத்திருக்கிறோம். கையேடுகளும் நம் பீரோவில் இருக்கின்றன. அதனால் கொள்கைகளை விட்டுவிட்டு என் வகுப்பில் நடந்தவற்றைச் சொல்கிறேன். அவற்றில் என் தவறுகளும் வரும்.

சென்ற ஜூன் மாதம் ஆறாம் வகுப்புச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. ஓர் அம்மா தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும், "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றார். முகம் தெரிந்தது, பெயர் உடனே வரவில்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு நடுநிலைப் பள்ளியில் என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்தவர். இப்போது காய்கறிக் கடை வைத்திருக்கிறாராம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, பையனின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எல்லாம் நல்லா படிப்பான் டீச்சர். கணக்கு மட்டும் வராது. என்னை மாதிரிதான்."

அன்று மாலை வரை அந்தச் சொல் என்னை விடவில்லை. ஏனென்றால் அந்தப் பெண்ணுக்குக் கணக்கு வந்தது. நன்றாகவே வந்தது. எனக்கு அது நினைவிருக்கிறது.

500 ரூபாய் கொடுத்து 267 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு? தேர்வில் கேட்ட கேள்வி. 500-ல் இரண்டு சுழியம் இருப்பதால் கடன் வாங்கிக் கழிப்பதில் பாதி வகுப்பு தடுமாறும். இந்தப் பெண் கழிக்கவே இல்லை. தாளில் ஒரே ஒரு வரி: 3 + 30 + 200 = 233. அவ்வளவுதான். நான் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, "படிகள் எங்கே? யாரைப் பார்த்து எழுதினாய்?" என்று எழுதினேன். விடை சரி என்பதற்காகப் பாதி மதிப்பெண் கொடுத்தேன்.

உங்களில் பலருக்கு அது என்ன முறை என்று இதற்குள் புரிந்திருக்கும். 267-லிருந்து 270-க்கு 3. 270-லிருந்து 300-க்கு 30. 300-லிருந்து 500-க்கு 200. அவர்கள் வீட்டில் அப்போது பெட்டிக்கடை இருந்தது. மாலையில் அந்தப் பிள்ளைதான் கல்லாவில் உட்காரும். எந்தக் கடைக்காரரும் சில்லறையை இப்படித்தான் எண்ணிக் கொடுப்பார். 'யாரைப் பார்த்து எழுதினாய்' என்று நான் எழுதியதற்குப் பதிலாக, 'எப்படிச் செய்தாய்?' என்று கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கரும்பலகையில் இருப்பதை அப்படியே எழுதும் பிள்ளையாக மாறிவிட்டது. அது என்னால்தான் என்று சொல்ல மாட்டேன். என்னால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இன்று அந்தப் பெண் தினமும் நூற்றுக்கணக்கான கணக்குகளை மனத்திலேயே போட்டுக் கடை நடத்துகிறார். ஆனாலும் தனக்குக் கணக்கு வராது என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையைத் தன் மகனுக்கும் கொடுத்துவிட்டார்.

இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பிள்ளை என்ன நினைத்தது என்று நாம் கேட்பதில்லை.

நம் வகுப்பறையில் பிள்ளைகள் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. 1980 வாக்கில் பிரான்ஸ் நாட்டில் கிரெனோபிள் என்ற ஊரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? கேட்கப்பட்ட 97 பேரில் 76 பேர் அந்த இரண்டு எண்களையும் வைத்து ஏதோ கணக்குப் போட்டு ஒரு வயதைச் சொன்னார்கள். கணித ஆசிரியர்களிடையே இது பிரபலமான கேள்வி.

நம் பிள்ளைகள் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. கப்பலை எடுத்துவிட்டு ஆட்டுப்பட்டி என்று மாற்றி, மேய்ப்பவரின் வயது என்ன என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். பாதிக்கு மேல் 36 என்றார்கள். ஒரு பையன் மட்டும் தயங்கித் தயங்கி எழுந்தான். சரி, இவனாவது கேள்வியே தவறு என்று சொல்வான் என்று நினைத்தேன். "டீச்சர், கழிச்சா 16 வருது, அது சின்னப் பையன். பெருக்கினா 260, அவ்வளவு வயசு யாருக்கும் இருக்காது. அதனால கூட்டணும், 36" என்றான். சிரிக்காதீர்கள். அந்த வகுப்பில் அன்று அதிகம் யோசித்தவன் அவன்தான். கேள்வி தவறாக இருக்கக்கூடும் என்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. டீச்சர் கொடுத்த கணக்கு, இரண்டு எண் இருக்கிறது, அதனால் விடை இருந்தாக வேண்டும். இது நாம் பல ஆண்டுகளாகச் சொல்லாமலே சொல்லிக்கொடுத்த பாடம்.

இன்னொன்றை நாம் வாய்விட்டே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி, 'அதிகம்' என்று வந்தால் கூட்டு. நானும் சார்ட் எழுதி ஒட்டியிருக்கிறேன். இப்போது இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: என்னிடம் 8 கோலிக்குண்டு இருக்கிறது, இது உன்னிடம் இருப்பதைவிட 3 அதிகம், உன்னிடம் எத்தனை? 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் 11 என்று எழுதிவிடுவார்கள். சொல்லைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தோம், பிடித்துவிட்டார்கள். வாக்கியத்தைப் படிக்கவில்லை. சார்ட்டை நான் கிழித்துவிட்டேன்.

அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். 47 பேர், ஒரு வேனில் 12 பேர் உட்காரலாம், எத்தனை வேன் வேண்டும் என்று உண்மையாகவே பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரு மாணவி கரும்பலகையில் அழகாக வகுத்து, 'ஈவு 3, மீதி 11' என்று எழுதி இரண்டு கோடு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அந்த 11 பேரும் என்னம்மா பண்றது?" என்று கேட்டேன். "அவங்க மீதி டீச்சர்" என்றாள்! அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலு வேன் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஜார்ஜ் போல்யா என்ற கணித அறிஞரை பி.எட். படிக்கும்போது நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். 1945-ல் அவருடைய புத்தகம் வந்தது. கணக்கைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்று நான்கு படிகள். ஐந்து மதிப்பெண் கேள்வியாகவே எழுதியிருக்கிறோம். நம் வகுப்பில் புரிந்துகொள்வதையும் திட்டமிடுவதையும் நாமே செய்து முடித்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு மூன்றாவது படியை மட்டும் விட்டுவைக்கிறோம். நாலாவது படி மணி அடிப்பதோடு போய்விடுகிறது. 47-ஐ 12-ஆல் வகுத்த பிள்ளைக்குத் தேவைப்பட்டது அந்த நாலாவது படி.

இனி நான் சொல்லப்போவது என்னை அதிகம் திணற வைத்த ஒரு பாடவேளை பற்றி.

ஆறாம் வகுப்பு, பின்னங்களின் கூட்டல். 1/2 + 1/3 எவ்வளவு என்றேன். மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டி 2/5 என்று ஒரு பையன் சொன்னான். நாம் எல்லோரும் எத்தனையோ முறை பார்த்த தவறு. "தப்பு, பகுதி வேற வேறயா இருந்தா மீ.சி.ம. எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "டீச்சர், நேத்து நான் ரெண்டு பால்ல ஒரு சிக்ஸ் அடிச்சேன். இன்னைக்கு மூணு பால்ல ஒரு சிக்ஸ். மொத்தம் அஞ்சு பால்ல ரெண்டு சிக்ஸ். அது தப்பா?"

"அது வேற, இது வேற. உட்கார்" என்றேன்.

உட்கார்ந்துவிட்டான். நானும் மீ.சி.ம. எடுத்து 5/6 என்று எழுதி முடித்தேன். ஆனால் அன்று பேருந்தில் வரும்போது எனக்கே ஒரு கேள்வி வந்தது. அது வேறு, இது வேறு என்றேனே, எப்படி வேறு? ஐந்து பந்தில் இரண்டு சிக்ஸர் என்பது சரிதான். அவன் கூட்டியதில் தவறே இல்லை. இன்னும் சொல்லப்போனால், நாமே மதிப்பெண் பதிவேட்டில் அப்படித்தான் கூட்டுகிறோம். 20-க்கு 18, 50-க்கு 35, மொத்தம் 70-க்கு 53. யாராவது மீ.சி.ம. எடுக்கிறோமா?

மறுநாள் போய் வகுப்பில் ஒப்புக்கொண்டேன். "நேற்று அவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, எனக்கும் சரியாகத் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்றேன். அந்தப் பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"அரை தோசை சாப்பிட்டாய். பிறகு இன்னும் மூன்றில் ஒரு பங்கு தோசை சாப்பிட்டாய். மொத்தமாகச் சாப்பிட்டது அரை தோசையைவிட அதிகமா, குறைவா?" எல்லோரும் அதிகம் என்றார்கள். "2/5 தோசை என்பது அரை தோசையைவிட அதிகமா?" கொஞ்ச நேரம் அமைதி. ஐந்தில் பாதி இரண்டரை, இது இரண்டுதான், அப்படியானால் குறைவு என்று ஒருவர் பின் ஒருவராகக் கண்டுபிடித்தார்கள். "சாப்பிடச் சாப்பிடக் குறையுமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டதும் வகுப்பே சிரித்தது. சரி, தோசைக்கு 2/5 பொருந்தவில்லை. ஆனால் கிரிக்கெட்டுக்குப் பொருந்துகிறதே, அது ஏன்? இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் பேசாமல் இருந்தேன்.

அன்று முடியவில்லை. அடுத்த நாள் பாடவேளையும் அதிலேயே போனது. பலவிதமாகச் சொன்னார்கள். பந்து உருண்டை, தோசை வட்டம் என்றுகூட ஒருவன் சொன்னான். கடைசியில், வழக்கமாக மதிய உணவுக்குப் பிறகு தூங்கி வழியும் ஒரு பையன் சொன்னான்: "கிரிக்கெட்டுல ரெண்டு பால் தனி, மூணு பால் தனி, எல்லாத்தையும் சேர்த்து எண்ணுறோம். தோசையில ஒரே அளவு தோசையைத்தான் ரெண்டாவும் வெட்டுறோம், மூணாவும் வெட்டுறோம்." இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. 'முழு' என்று எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் பின்னத்தின் உயிர். புத்தகத்தில் அது ஒரே வரியில் இருக்கிறது. நான் அதை ஒரே மூச்சில் கடந்து போயிருக்கிறேன்.

அதற்குப் பிறகு, துண்டுகள் வேறு வேறு அளவாக இருந்தால் எப்படி எண்ணுவது என்று கேட்டதும், ஒரே அளவாக வெட்ட வேண்டும் என்பது தானாக வந்தது. எத்தனை துண்டாக வெட்டினால் பாதியும் சரியாக வரும், மூன்றில் ஒன்றும் சரியாக வரும்? 6 என்றார்கள். 12 என்று ஒரு பெண் சொன்னாள், அதுவும் சரி. மீ.சி.ம. என்ற சொல்லை நான் மூன்றாம் நாள்தான் எடுத்தேன். அந்த ஆண்டு அந்த வகுப்பில் பகுதியோடு பகுதியைக் கூட்டுகிற தவறு முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அங்கொன்றும் இங்கொன்றும் வந்தது. ஆனால், "தோசையா, பாலா?" என்று கேட்டால் போதும், தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

இதில் நான் கற்றுக்கொண்டது, பேசாமல் இருப்பது. கேட்க எளிதாக இருக்கிறது, செய்யும்போது அவ்வளவு கடினம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் ஆசிரியர்களின் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள், அதற்குள் இன்னொருவரைக் கேட்கிறார்கள் அல்லது தாங்களே சொல்லிவிடுகிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, தெரியாது என்று சொல்வது குறைந்தது. மூன்று விநாடி என்ன பெரிய நேரமா என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வகுப்பில் மூன்று விநாடி நின்று பாருங்கள். மூன்று நிமிடம் போல இருக்கும். அந்த அமைதியில் தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்து போனால் இன்னும் மோசம். வகுப்பில் சத்தம் இல்லையே, டீச்சர் பாடம் நடத்தவில்லையோ என்று அவர் நினைப்பாரோ என்று நமக்கே தோன்றும். எங்கள் தலைமையாசிரியரிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன்.

காத்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முதலில் இதை ஆரம்பித்தபோது எனக்குத் தோல்விதான். முன்வரிசையில் மூன்று பேர் வேகமாகக் கண்டுபிடித்து விடையைக் கத்திவிடுவார்கள். மற்ற முப்பது பேரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். அந்த மூவருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி, வகுப்பு நன்றாகப் போனதாக நான் பாடக்குறிப்பில் எழுதிவிடுவேன். ஒரு நாள் பின்வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே எதுவுமே நடக்கவில்லை. இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். முதல் மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது, ரஃப் நோட்டில் ஏதாவது எழுத வேண்டும், படமாக இருந்தாலும் சரி. விடை தெரிந்தவர்கள் கை தூக்கக் கூடாது, கட்டைவிரலை நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினால் போதும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம். விடை முதலில் கிடைத்தவர்களிடம், "இன்னொரு வழியில் வருமா பார்" என்று சொல்லிவிடுவேன். இதைச் செய்த பிறகுதான் பின்வரிசையின் குரல் எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

புதிய கணக்குகளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எங்கேயும் போக வேண்டாம். பாடப்புத்தகத்தில் இருக்கும் கணக்கையே தலைகீழாகத் திருப்பினால் போதும். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர் உள்ள செவ்வகத்தின் சுற்றளவு என்ன? சூத்திரத்தில் போட்டால் 24, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இதையே நான் இப்படிக் கேட்டேன்: 24 மீட்டர் கம்பி வேலி இருக்கிறது, செவ்வகமாக ஓர் ஆட்டுப்பட்டி போட வேண்டும், ஆடுகளுக்கு அதிக இடம் கிடைக்க எப்படிப் போடலாம்?

ஒரே சுற்றளவு என்றால் ஒரே பரப்பளவுதான் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். வரைந்து பார்க்கச் சொன்னேன். 11-க்கு 1 என்றால் 11 சதுர மீட்டர்; ஆடு திரும்பவே முடியாது என்றார்கள். 10-க்கு 2 என்றால் 20. 8-க்கு 4 என்றால் 32. 6-க்கு 6 என்றால் 36. சதுரம் செவ்வகம் ஆகுமா என்று ஒரு சண்டை வந்தது, நல்ல சண்டை. அதுவரை எனக்குத் தெரிந்த பாடம்தான்.

அப்போது ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை ஒருவன், "எங்க வீட்டுல நாலு பக்கமும் வேலி போட மாட்டோம் டீச்சர், ஒரு பக்கம் சுவரு இருக்கும்" என்றான். பட்டியை யாரும் வெட்டவெளியில் போடுவதில்லை என்பது எனக்குத்தான் தெரியவில்லை! சரி, ஒரு பக்கம் சுவர் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள் என்றேன். சதுரமாக, பக்கத்துக்கு 8 மீட்டர் போட்டால் 64. சதுரம்தான் பெரியது என்று இப்போதுதானே கண்டுபிடித்தோம், அதனால் இதுதான் விடை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஒரு பெண் விடாமல் பட்டியல் போட்டு, அகலம் 6, நீளம் 12 என்றால் 72 வருகிறது என்று கொண்டுவந்து காட்டினாள். சதுரம் தோற்றுப்போனதை அவர்களால் நம்பவே முடியவில்லை. வேறொருவன், "மூலையில போட்டா ரெண்டு பக்கம் சுவரு கிடைக்குமே" என்றான். 12-க்கு 12, 144 சதுர மீட்டர்.

36, 72, 144. ஒவ்வொரு சுவருக்கும் இடம் இரண்டு மடங்காகிறது. ஏன்? அதற்கு விடை எனக்கு உடனே தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் பிடிபட்டது. சுவரைக் கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரியும் பட்டியையும் சேர்த்தால் 48 மீட்டர் வேலிக்கு ஒரு முழுப் பட்டி. அதில் பெரியது 12-க்கு 12 சதுரம், 144. அதில் பாதி நம்முடையது, 72. மூலைக்கு இரண்டு கண்ணாடி. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஆட்டுப்பட்டி என்னை இவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று நான் நினைக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் நானே கணக்குப் போட்டு மகிழ்ந்த நாட்கள் குறைவு என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன்.

சிந்திக்கும் கணக்கு நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான், மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு அடிப்படைக் கூட்டல் கழித்தலே போதும் என்று பலர் சொல்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் கடன் வாங்கிக் கழித்தலில் பயிற்சி வேண்டும் என்றால் அதற்குக்கூட வெறும் கழித்தல் தாள் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் என்பவர் கண்டுபிடித்த ஒன்று இருக்கிறது. 1949-ல் நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் அதைச் சொன்னார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. உதாரணமாக 3524. இலக்கங்களை மாற்றி அடுக்கிப் பெரிய எண் 5432, சிறிய எண் 2345. கழித்தால் 3087. மறுபடியும் 8730-லிருந்து 0378-ஐக் கழித்தால் 8352. மறுபடியும் 8532-லிருந்து 2358-ஐக் கழித்தால் 6174. இனி 7641-லிருந்து 1467-ஐக் கழித்தாலும் அதே 6174. எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும்.

பிள்ளைகளிடம் இந்த எண்ணை முன்கூட்டியே சொல்லாதீர்கள். ஆளுக்கு ஓர் எண் எடுத்து, முடியும் வரை செய்யச் சொல்லுங்கள். ஒருவனுக்கு 6174, பக்கத்தில் இருப்பவனுக்கும் 6174 என்று வரும்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். வராதவர்கள் எங்கே தவறு என்று தாங்களே தேடுவார்கள். கழித்தல் வராது என்று நான் பெயர் எழுதி வைத்திருந்த ஒரு மாணவி அன்று ஒரே பாடவேளையில் பதினைந்து கழித்தல் செய்தாள். மூன்று இலக்கத்தில் இப்படி வருமா என்று கேட்டதும் அவள்தான். வரும். என்ன எண் என்று நான் இங்கே சொல்லவில்லை, போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் சரி, போர்ஷனை யார் முடிப்பது? இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். பின்னத்துக்கு அந்த ஆண்டு எனக்கு இரண்டு பாடவேளை அதிகம் ஆனது, வேறெங்கோ குறைத்தேன். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான் நான் செய்வது. வாய்ப்பாடு வேண்டாம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏழெட்டு எவ்வளவு என்று விரல் எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஆட்டுப்பட்டியில் யோசிக்க மனத்தில் இடம் இருக்காது. அதே போல, தெர்மாகோலில் மாதிரி செய்து புகைப்படம் எடுத்து அனுப்புவதைச் சிந்தனை என்று நான் நினைக்கவில்லை. அதில் பாதி நாம் வெட்டி ஒட்டியது, மீதி பெற்றோர் ஒட்டியது.

தேர்வைப் பொறுத்தவரை, எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் தொண்ணூறுக்கு மேல் வாங்கும் பிள்ளை அங்கே திணறும், ஏனென்றால் அந்தக் கணக்கை யாரும் முன்பே செய்து காட்டியிருக்க மாட்டார்கள். ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்பது நம் பிள்ளைகளின் வீட்டில் பெரிய தொகை. தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு 2005-ஐ ஒட்டிக் கணிதம் கற்பித்தல் பற்றி ஒரு குழு அறிக்கை வந்தது. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் அப்போது பேராசிரியராக இருந்த இராமானுஜம் அதன் தலைவர். பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதுதான் பள்ளிக் கணிதத்தின் முதன்மை நோக்கம் என்று அதில் இருக்கிறது. அந்த அறிக்கை வந்தபோது நான் அதைப் பயிற்சியில் குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின.

விடைத்தாள் திருத்துவதில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். விடை சரியாக இருந்து படி இல்லையென்றால் கோடு போடுவதில்லை. 'எப்படிச் செய்தாய்? நாளை சொல்' என்று எழுதுகிறேன். விடை தவறாக இருந்தாலும் சில தாள்களில் அதையே எழுதுகிறேன். பார்த்து எழுதிய பிள்ளையால் சொல்ல முடியாது, அதுவும் தெரிந்துவிடும். ஆனால் சொல்ல முடிந்தவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம்.

காய்கறிக் கடை அம்மாவின் மகன் இப்போது என் வகுப்பில் இருக்கிறான். முதல் இரண்டு மாதம் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைத் தவிர எதுவும் செய்யவில்லை. ஆகஸ்ட்டில் ஒரு நாள் 1000-லிருந்து 648-ஐக் கழிக்கச் சொன்னேன். ரஃப் நோட்டில் 2, 50, 300 என்று எழுதி, என்னைப் பார்த்ததும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான். கையை எடுக்கச் சொல்லி, "எப்படிடா செஞ்சே?" என்றேன். "அம்மா கடையில இப்படித்தான் டீச்சர் சில்லறை கொடுப்பாங்க. இது தப்புன்னு அம்மா சொல்லியிருக்காங்க. ஸ்கூல்ல இப்படிப் போடக் கூடாதாம்" என்றான்.

அவனைக் கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னேன். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவைக் கட்டாயம் வரச் சொல்லி அவனிடம் சொல்லியிருக்கிறேன். என்ன பேச வேண்டும் என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மதிய உணவுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 24 மீட்டர் வேலி, ஒரு பக்கம் சுவர். ஆனால் இந்த முறை அந்தச் சுவரின் நீளம் 10 மீட்டர்தான். அதிக இடம் எப்படிக் கிடைக்கும்? சுவர் முடிந்த பிறகும் அதே வரிசையில் வேலியை நீட்டிக்கொள்ளலாம். முதல் மூன்று நிமிடம் யாரும் பேச வேண்டாம். விடையை என்னிடம் கேட்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள்.